இடாப்பில் இருந்த ஐந்து பெயர்கள்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சமாதானக் கல்வி எடுக்கப் போன முதல் நாளே தரம் 10 பிள்ளை ஒருத்தி எழும்பி, "மாமாவை ஆர் கொண்டுபோனது எண்டு தெரியாமல் நாங்கள் ஏன் ரீச்சர் சமாதானம் படிக்க வேணும்?" என்று கேட்டாளாம். பதில் சொல்ல அவசரப்படாமல் நீ நின்றது சரி. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை. போரைக் காணாதவள். ஆனால் சுவரில் மாலை போடாத படம் ஒன்று தொங்கும் வீட்டில் வளர்கிறவள். மாலை போட்டால் அவன் இல்லை என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று வீட்டுக்காரர் அதைத் தொடமாட்டார்கள். அப்படி எத்தனை வீடுகள் என்று கிளிநொச்சியில் இருக்கிற உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவளுக்கு முதலில் ஒரு இலக்கணப் பாடம் எடு. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கி, கொண்டுபோகப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் இருக்கிறார்கள். அங்கே ஒரு தாயோடு ஒரு பகல் முழுக்க இருந்தேன். வெயிலில் மகனின் முகம் வெளிறிப்போக, மூன்றாம் தரமாக ஸ்ரூடியோவில் பிரதி எடுத்த படம் மடியில். "காணாமல் போனவர்" என்று நான் வாய்தவறிச் சொன்னேன். "அவன் போகேல்லைத் தம்பி. நான்தான் கையிலை பிடிச்சுக் குடுத்தனான்" என்றா. 2016இல் சட்டம் போட்டு உருவாக்கிய அலுவலகத்தின் பெயரிலும் 'காணாமற்போன ஆட்கள்' என்றுதான் இருக்கிறது. தாய்மார் கேட்பது 'காணாமலாக்கப்பட்டோர்' என்ற சொல்லை. போனவர் என்றால் செய்தவர் இல்லை. ஆக்கப்பட்டவர் என்றால் ஆக்கியவர் யார் என்ற கேள்வி கூடவே வரும். நிலைமாறுகால நீதி என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்வதெல்லாம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. இழப்பீடும் நினைவுத்தூபியும் அதற்குப் பிறகு. உண்மையைச் சொல்லாமல் கொடுக்கும் காசை அந்தத் தாய்மார் ஏன் வாங்க மறுக்கிறார்கள் என்பது உன் மாணவிகளுக்கு விளங்கும்.

ஆனால் மகள், நீதி கேட்கிற வாய் தன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இதை நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை. 1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர் போனார்கள். நான் அப்போது புது வாத்தியார். பள்ளிக்கூடம் மறுபடி நடந்த அன்று வழக்கம்போல இடாப்புக் கூப்பிட்டேன். என் வகுப்பில் அவர்களின் பிள்ளைகள் ஐந்து பேர். முதல் பெயருக்குப் பதில் வரவில்லை. பெடியள் எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற நாலு பெயரையும் நான் கூப்பிடவில்லை. பின்னேரம் சிவப்பு மையால் ஐந்து பெயரையும் வெட்டி, எதிரே 'விலகியவர்' என்று எழுதினேன். அந்தத் தாயிடம் திருத்தம் வாங்கிய அன்றிரவுதான் அந்தச் சொல் எனக்கு உறைத்தது. விலகவில்லை, விலக்கப்பட்டார்கள். பயம் இருந்தது உண்மை. ஆனால் எழுதிய கை என்னுடையது.

உன் பிள்ளைகளுக்கு இதைச் சொல். என்னைப் பற்றியும் சொல்லலாம். நம் காயத்தை இது சிறிதாக்கிவிடும் என்று சிலர் உன்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

தெற்கில் எம்பிலிப்பிட்டியவில் நடந்ததையும் சொல். 1989, 90இல் அங்கே 20க்கும் மேற்பட்ட சிங்கள மாணவர்கள் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் பள்ளிக்கூட அதிபருக்கும் இராணுவத்தினருக்கும் தண்டனை கொடுத்தது. அன்னையர் முன்னணி என்று யாழ்ப்பாணத்துத் தாய்மார் 1984இல் திரண்டதுபோல, 1990இல் தெற்குத் தாய்மாரும் அதே பெயரில் தெருவுக்கு வந்தார்கள். இந்த நாட்டில் ஒரு நீதிமன்றம் இப்படி ஒரு தீர்ப்புச் சொன்னது என்பதை அந்தப் பிள்ளை அறியட்டும். அப்படியான தீர்ப்பு எவ்வளவு அரிது என்பதையும்.

வகுப்பில் யாரையும் வீட்டுக்கதை சொல்லும்படி கேளாதே. தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேள். தகப்பன் இல்லாத பிள்ளையை விருந்தினர் முன்னால் மேடையேற்ற யார் கேட்டாலும் மறுத்துவிடு. புறா கீறுகிற போட்டி வேண்டாம். தெற்கிலிருந்து மாணவர்கள் வந்தால் நடனம், சாப்பாடு, படம் என்று முடித்து அனுப்பாமல், ஒரு மணி நேரமாவது மொழிபெயர்க்க ஆளை வைத்து இருத்திக் கதைக்க விடு. என்ன படிப்பிக்கப் போகிறாய் என்று அதிபருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடு. நீ அரச உத்தியோகத்தர், விசாரிக்க ஆட்கள் வரலாம். தனியே நிற்காதே.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி புத்தளத்தில் ஆசிரியையாக இருக்கிறாளாம். விலாசம் எடுத்துவிட்டேன். மார்கழி விடுமுறைக்கு நீ வந்தால் இருவருமாகப் போகலாம். புத்தளம் போகும் பஸ்ஸில் இரண்டு இருக்கை சொல்லி வைக்கட்டுமா?

அன்புடன்,
பெரியப்பா