உலகச் சந்தையும் மன்னார்க் கரையும்



உலகமயமாதல் என்ற சொல்லைக் கேட்டதும், அது கொழும்புக்கும் அதற்கு அப்பாலுள்ள பெரும் பட்டணங்களுக்கும் உரிய காரியம் என்று நம்மிற் பலர் எண்ணிவிடுகிறோம். மன்னார்க் கரையில் வாழ்கிறவர்கள் அப்படி எண்ண நியாயமில்லை. மாதோட்டத்துறையில் மண்ணை அகழ்ந்தபோது சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டமும் வெளிப்பட்டன. தூரதேசத்துச் சந்தை நம்மிடம் வந்து ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது.

சந்தை வருவது ஒன்று. அதிலே விலை சொல்பவர் யார் என்பது வேறொன்று. இதைப் படித்தறிய முத்துச் சலாபத்தைவிட நல்ல பாடம் நமக்கில்லை.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தை எண்ணிப் பாருங்கள். மரிச்சுக்கட்டி மணல்வெளியிலே சில கிழமைகளுக்குள் பல்லாயிரம் பேர் குடியேறிய ஓலைப் பட்டணம் ஒன்று எழுந்தது. கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் முத்துக் குளிப்போர் வந்தனர். வணிகர் இந்தியாவின் பல திசைகளிலிருந்தும் வந்தனர். எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குச் சேர்ந்த பணம் ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா. மூச்சடக்கி மூழ்கியவர்களுக்கோ சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரு பங்கையும் அரசாங்கம் அன்றன்று மாலையில் ஏலம் விட்டது. உள்ளே முத்து உண்டோ இல்லையோ என்று தெரியாமலே ஆயிரம் ஆயிரமாக விலை பேசினார்கள்!

அடுத்த ஆண்டே அரசாங்கம் சலாப உரிமையை லண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபா. 1907க்குப் பின் பார்களிலே சிப்பி அற்றுப்போயிற்று. தவணை முடியுமுன்னரே கம்பனியும் கலைந்தது. பழி முழுவதையும் கம்பனியின் தலையிற் போடுவது சரியல்ல. சிப்பி பல ஆண்டுகள் காணாமற்போவது இந்தப் பார்களின் பழைய குணம்.

இதற்கிடையில் ஜப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் 1893இலேயே சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டியிருந்தார். 1920களில் உருண்டையான வளர்ப்பு முத்துகள் ஐரோப்பியச் சந்தைக்குப் போயின. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, 1930 அளவில் இயற்கை முத்தின் விலை சரிந்தது. மன்னார்க் கடலிலே புயலும் இல்லை, கொந்தளிப்பும் இல்லை. ஆனாலும், சிப்பி திரும்பி வந்திருந்தாற்கூடப் பழைய விலை வந்திராது.

இன்று முத்தின் இடத்தில் கடலட்டையும் நண்டும் இருக்கின்றன. கடலட்டையை நம் வீடுகளில் எவரும் சமைப்பதில்லை. அவித்து, உலர்த்தி, ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் அனுப்புகிறோம். நீலக்கால் நண்டின் சதை அமெரிக்காவுக்குப் போகிறது. 2020இல் கொரோனா நோயினால் அந்நாடுகளின் உணவுச்சாலைகள் பூட்டப்பட்டபோது இங்கே நண்டு விலை விழுந்தது. வலையிற் பட்ட நண்டு அதே நண்டுதான்.

வறுமையினால் ஒருவன் சம்மதித்துவிட்டான் என்பதற்காக அந்தக் கூலி நீதியானதாகிவிடாது என்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் எழுதினார். 1967இல் 6ஆம் சின்னப்பர் அதே நியாயத்தை நாடுகளுக்கிடையிலான வாணிபத்துக்கும் விரித்தார். இதை நம் ஊர் வாடியில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். முதலாளி வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் தருகிறார். அவசரத்துக்கு உதவுகிறவர் அவர்தான், மறுக்க முடியாது. ஆனால் கடன் தீரும்வரை மீன் அவருக்கே. விலையும் அவர் சொன்னதே. கொழும்பில் என்ன விலை என்று கைத்தொலைபேசியில் அறிந்துகொண்டாலும், கடன்பட்டவருக்கு அந்த அறிவால் ஆவது கொஞ்சமே.

ஆகவே விலையைப் பற்றிப் பேசுமுன் கடனைப் பற்றிப் பேசவேண்டும். உங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் வலைக்குக் கடன் கொடுக்கிறதா, அல்லது மண்ணெண்ணெய்ப் பட்டியல் எழுதுவதோடு நின்றுவிடுகிறதா? அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எழுந்து கேளுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க அங்கத்தவருக்கு உரிமை உண்டு.