‘பழகிவிட்டது அண்ணா’ என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பொது மருத்துவத்தில் பி.ஜி. சேர்ந்த கையோடு எழுதிய கடிதம் கிடைத்தது. நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைந்தால் மறுநாள் சாயங்காலம்தான் வெளியே வருகிறாய். ‘பழகிவிட்டது அண்ணா’ என்று முடித்திருக்கிறாய் பார், அதுதான் என்னை உறுத்துகிறது.

தூக்கமின்மை பழகவே பழகாது. எவ்வளவு தடுமாறுகிறோம் என்று கணிக்கும் புத்தியும் சேர்ந்தே மழுங்குவதால் பழகினதுபோல இருக்கும். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்குவதை 1997-இல் ஆஸ்திரேலியாவில் அளந்து காட்டினார்கள். நம் நாட்டில் 0.03-ஐத் தாண்டி வண்டி ஓட்டினாலே போலீஸ் பிடிக்கும்.

1984-இல் நியூயார்க்கில் லிபி ஸையன் என்ற 18 வயதுப் பெண், நீண்ட நேரம் டூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்களின் கவனிப்பில் மருத்துவமனையில் இறந்து, அவள் தந்தை விடாமல் போராடிய பிறகே அந்த மாநிலத்தில் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. இங்கே 1992-லேயே மத்திய அரசு வாரம் 48 மணி நேரம் என்று எழுதிவிட்டது. எழுதியதோடு சரி! பி.ஜி. படிப்புக்கான 2023 விதிமுறை ‘நியாயமான வேலை நேரம்’ என்கிறது. எது நியாயம் என்பது யூனிட் சீஃப் கையில்.

அது மாறும்வரை நீ செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. இன்சுலினில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் குப்பியும் இருக்கிறது. 100-ஐ எடுத்து 40-க்கான சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். விடியற்காலை நாலு மணிக்கு இரண்டு குப்பியும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த நேரத்து டோஸ் ஒவ்வொன்றையும் சிஸ்டரிடம் வாய்விட்டுச் சொல், அவரையும் திருப்பிச் சொல்லச் சொல். சிரித்தால் சிரிக்கட்டும். டூட்டி ரூமில் படுத்தபடியே போனில் ஆர்டர் சொல்லாதே. தூங்கி எழுந்த முதல் கால் மணி நேரம் மூளை சரியாக ஓடாது; முகம் கழுவிக்கொண்டு நோயாளியின் பக்கத்தில் போய் நின்று, கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொல்.

கூட்டம் குறைந்தால் கோ-பி.ஜி.யோடு முறை வைத்துக்கொண்டு அரை மணி நேரமாவது தூங்கு. சீஃப் என்ன நினைப்பாரோ என்று பயப்படாதே. ரவுண்ட்ஸில் பொட்டாசியம் அளவைத் தப்பாகச் சொன்னால் இன்னும் மோசமாக நினைப்பார்.

கடைசியாக, உன் பைக். நீண்ட டூட்டி முடித்து வண்டி எடுத்த அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களுக்கு விபத்து வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது என்று 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. அட்மிஷன் நாளுக்கு மறுநாள் பைக்கைத் தொடாதே. ஆட்டோ பிடித்துப் போ, காசு நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்