கடைவீதியில் தொடங்குங்கள்

கேள்வி: கம்ப்யூட்டர் வேலை நன்றாக வரும். படித்துக்கொண்டே கைச்செலவுக்குச் சம்பாதிக்க ஃபைவர் என்ற ஆன்லைன் வேலைத் தளத்தில் சேரலாமா?

பதில்: சேரலாம், ஆனால் அங்கே தொடங்க வேண்டாம். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல், வாடிக்கையாளர் மதிப்புரை ஒன்றுகூட இல்லாத புதியவர் உலகம் முழுக்க இருப்பவர்களோடு விலையைக் குறைத்துப் போட்டியிட வேண்டும் என்பது. உங்கள் ஊர்க் கடைவீதியில் அவ்வளவு நெரிசல் இல்லை. கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம். வாட்ஸ்அப் பிசினஸில் பொருள்பட்டியல் போடுவதும் இலவசம். படமெடுத்து, விலை எழுதி, பழைய போன் நம்பரை மாற்றத்தான் கடைக்காரருக்கு நேரமில்லை. அந்த உழைப்புக்குக் கூலி கேளுங்கள்.

இலவசமானதற்கு யார் காசு தருவார் என்பீர்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் அரசுத் தளமும் இலவசம்தான். ஆடிட்டருக்குக் கட்டணம் போகாமலா இருக்கிறது? கடைக்காரர்கள் பேரம் பேசுவார்கள், உண்மைதான். பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மாதாமாதம் புதுப்பிக்கும் வேலையையும் சேர்த்துப் பேசுங்கள், நிலையான வரும்படி அதில்தான். ஆனால் கமிஷன் தருகிறோம், வங்கிக் கணக்கைக் கொடு என்று டெலிகிராமில் வருவது வேலையே அல்ல. மோசடிப் பணம் அந்தக் கணக்கில் புழங்கினால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரைத்தான். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.