ரீஃபண்ட் கணக்கு ஏன் இடிக்கிறது?

கேள்வி: 2024-25இல் பாதி வருடம் பொம்மசந்திராவிலும், மீதி ஓசூரிலும் வேலை. கணக்குப் போடும் ஒவ்வொரு முறையும் உத்தேச வருமானவரி ரீஃபண்ட் மாறி மாறி வருகிறது. தவறு எங்கே?
— வாசகர், சிங்காரப்பேட்டை

பதில்: கர்நாடக-தமிழக எல்லைக்கு இருபுறமும் வேலை மாறுகிறவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல்தான் இது. வங்கியில் விழுந்த சம்பளத்தை அப்படியே பதிவது முதல் தவறு. பி.எஃப்., டி.டி.எஸ். பிடிப்பதற்கு முந்தைய மொத்தச் சம்பளம்தான் கணக்கு. அது கம்பெனி தரும் படிவம் 16இன் பகுதி 'பி'யில் இருக்கும்.

பெரிய வில்லங்கம் நிலைக்கழிவில் (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்). புதிய வரி முறையில் அது ஆண்டுக்கு ஒருமுறை, 75,000 ரூபாய். ஆனால் இரண்டு கம்பெனிகளும் தனித்தனியே கழித்துவிடும். முதல் இடத்தில் 4.20 லட்சம், அடுத்ததில் 4.30 லட்சம் என்று வையுங்கள். இருமுறை கழித்தால் வருமானம் சரியாக 7 லட்சம். 2024-25 விதிப்படி 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யம். ஒருமுறை கழித்தால் 7.75 லட்சம், செஸ் சேர்த்து வரி 28,600 ரூபாய்! ரீஃபண்ட் வரும் என்று காத்திருந்தவர் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

புதிய கம்பெனியில் சேரும்போதே படிவம் 12பி-யில் பழைய சம்பளத்தைச் சொல்லியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கர்நாடகத்தில் மாதாமாதம் 200 ரூபாய் தொழில்வரி பிடித்திருப்பார்கள். பழைய வரி முறையில் மட்டுமே அதைக் கழிக்கலாம்.

இரண்டு படிவம் 16களையும் வருமானவரித் துறையின் 26ஏஎஸ், ஏஐஎஸ் விவரங்களோடு ஒப்பிட்டுவிட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.