குற்றப் புள்ளிவிவரங்களும் அவற்றை ஆராயும் கல்வியும்

டில்லி யூனியன் பிரதேசத்தில் 2012-ஆம் ஆண்டு பதிவான பாலியல் வன்புணர்ச்சி வழக்குகள் 706. மறு ஆண்டில் இத்தொகை 1,636 ஆயிற்று. குற்றம் ஒரே ஆண்டில் இரு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கொடுமையை அடுத்து நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியையும், 2013-இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டத்தையும் இங்கு நினைவுகூர வேண்டும். அச்சட்டம் குற்றத்தின் வரையறையை விரிவுபடுத்தியது. இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் காவல் அலுவலரையும் தண்டனைக்கு உள்ளாக்கியது. அதுவரை வாய் திறவாதிருந்த பெண்கள் பலர் காவல் நிலையத்தை நாடினர். எண்ணின் ஏற்றத்தில் குற்றத்தின் பங்கு எவ்வளவு, பதிவின் பங்கு எவ்வளவு என்று வினவத் தெரிந்தவரே இத்துறைக்குத் தேவை.

குற்ற எண் பிறக்குமிடம் காவல் நிலையம். முதல் தகவல் அறிக்கையில் ஏறாத குற்றம் எந்த அட்டவணையிலும் ஏறாது. 1953-ஆம் ஆண்டு முதற்கொண்டு தொகுக்கப்பட்டுவரும் ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்னும் ஆண்டறிக்கையை, 1986-இல் நிறுவப்பெற்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்டு வருகிறது. ஒரே வழக்கில் கொலையும் திருட்டும் சேர்ந்திருப்பின், கடுந்தண்டனைக்குரிய கொலை மட்டுமே இதில் கணக்கில் கொள்ளப்படும். இவ்விதியை அறியாதவர் திருட்டின் அளவைக் குறைத்தே மதிப்பிடுவார். 2009-இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின்கீழ் காவல் நிலையங்கள் கணினி வலைப்பின்னலால் இணைக்கப்பட்டன. விவரம் விரைந்து வருகிறது. நிலைய எழுத்தர் எழுதாது விட்டதைக் கணினியும் அறியாது.

சிறைக் கணக்கிலும் இத்தகைய நுட்பம் உண்டு. 2022 டிசம்பர் 31-ஆம் நாளன்று நம் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர். இது ஒரு நாளின் இருப்பு. ஆண்டு முழுவதும் சிறைக்குள் வந்து, சில வாரங்களில் பிணையில் வெளியேறியவர்களின் எண்ணிக்கை இதில் தெரியாது. இருப்பையும் வரவு செலவையும் பிரித்தறிவது பொருளாதார மாணவருக்கு முதலாண்டுப் பாடம். நிர்வாக அறிக்கைகளிலோ இவ்விரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன.

இத்துறைக்கு வரும் வழிகள் பல. 1931-இல் மகலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்திலும் பல்கலைக்கழகங்களிலும் புள்ளியியல் பயிலலாம். சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் குற்றவியலும், காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்டு 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடய அறிவியலும் கற்கலாம். புள்ளியியலைப் பாடமாகக் கொண்ட பட்டதாரிகள் மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதலாம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் நிகழ்விடம் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. இதனை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. ஆகவே பயிற்சி பெற்றோருக்கான தேவை பெருகும். கணினி நிரல் எழுதும் திறனை ஓராண்டில் பெற்றுவிடலாம். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கத்துக்குப் பாடத்திட்டங்கள் போதிய நேரம் ஒதுக்குவதில்லை, இது பெருங்குறையே.

இக்குறையின் விளைவைச் சுமப்பவர் சாதாரண மக்கள். ரோந்து மிகுந்த தெருவில் சிறு குற்றங்களும் தவறாமல் பதிவாகும். அப்பதிவுகளைக் கொண்டு அடுத்த குற்றம் நிகழுமிடத்தைக் கணிக்கும் நிரல், அதே தெருவுக்கே மீண்டும் காவலரை அனுப்பும். பிரிட்டிஷ் ஆட்சி 1871-இல் கொணர்ந்த குற்றப் பரம்பரையினர் சட்டம், சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிந்தது. 1952-இல்தான் அது நீக்கப்பட்டது. அத்தகைய ஐயத்தோடு எழுதப்பட்ட ஏடுகள் ஆராயப்படாமல் கணினிக்குள் புகுமாயின், நீக்கிய சட்டம் வேறு வடிவில் திரும்பிவிடும். ஆதலால் தாம் எடுத்தாளும் பதிவுகளை யார், எங்கு, எந்த விதிப்படி எழுதினர் என்பதை ஆய்வாளர் தம் அறிக்கையின் முதற்பக்கத்திலேயே குறிப்பிடுதல் வேண்டும்.