கலர் மீன் பகுதிக்கு மறுவாழ்வு: கைவிடப்பட்ட தொட்டிகளை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாய்த் தீனியும் பூனை மணலும் நன்றாக விற்கிற கடைகளில் மீன் பகுதி கடைசி மூலையில் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்ட பையன் வேலையை விட்டுப் போயிருப்பான். பிறகு வந்தவர்கள் நினைவு வந்தபோது தீனி தூவியிருப்பார்கள், அவ்வளவுதான். கண்ணாடி பாசி பிடித்திருக்கும், ஃபில்டர் முக்கி முக்கி ஓடும், சீட்டில் எழுதிய மீன் தொட்டியில் இருக்காது.

அப்படியொரு மூலை உங்கள் பொறுப்பில் வந்தால், எல்லாத் தொட்டியையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பிவிடத்தான் முதலில் கை பரபரக்கும். அப்படிச் செய்தால் அழுக்கில் ஆறு மாதம் தாக்குப்பிடித்த மீன்கள்கூட ஒரே இரவில் செத்து மிதக்கலாம். ஏன் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் நாள்: நோட்டும் பேனாவும்

தொட்டிகளுக்கு எண் போடுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன மீன், எத்தனை, எது நோயாளி, ஃபில்டர் ஓடுகிறதா, காற்று வருகிறதா என்று எழுதுங்கள். செத்ததை உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். வளர்ந்த மீனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, தண்ணீருக்குத்தான் ஓய்வு.

பிறகு தண்ணீரைச் சோதியுங்கள். பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், காரத்தன்மை என்ற நான்கு அளவுகள் போதும். காகிதப் பட்டையைவிடச் சொட்டு விடும் சோதனைப் பெட்டி நம்பகமானது. தொட்டித் தண்ணீரோடு நிறுத்திவிடாமல் குழாய்த் தண்ணீரையும் சோதியுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அடுத்த இரண்டு வார வேலையைத் தீர்மானிக்க வேண்டும்.

நோய்த் தொட்டிகளில் 'விற்பனைக்கு அல்ல' என்று ஒட்டிவிடுங்கள். முதலாளி முகம் சுளிப்பார். நோய் மீனை வாங்கிப் போனவர் திரும்பி வரமாட்டார் என்பதை அவருக்கு அன்றே சொல்லிவிடுவது நல்லது.

அழுக்குத் தண்ணீரை ஏன் மொத்தமாக மாற்றக் கூடாது

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஃபில்டரிலும் கற்களிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த வேலை நடக்கும்போது தண்ணீரின் காரத்தன்மை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. தண்ணீர் மாற்றாமலே விட்ட தொட்டியில் ஒரு கட்டத்தில் காரத்தன்மை தீர்ந்துபோய் பி.எச். சரியும். 6-க்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிர்களும் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். அம்மோனியா சேர ஆரம்பிக்கும்.

இருந்தும் மீன் சாகாததற்குக் காரணம் இருக்கிறது. அமிலத் தண்ணீரில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் என்ற சாது வடிவில் இருக்கிறது. பி.எச். ஓர் அலகு ஏறினால் அதன் நச்சு வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்காகும். பி.எச். 6 உள்ள தொட்டியில் பாதித் தண்ணீரைக் கொட்டி, பி.எச். 8 உள்ள போர்வெல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அதுவரை சும்மா கிடந்த அம்மோனியா சில நிமிடங்களில் விஷமாகிவிடும். 'நல்ல தண்ணீர் ஊற்றினேன், மீன் செத்துப்போச்சு' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

எனவே பி.எச். சரிந்த தொட்டியில் தினம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். அதில் நாளுக்கு 5 லிட்டர் போதும். தினமும் சோதித்துக்கொண்டே, குழாய்த் தண்ணீருக்கும் தொட்டிக்கும் இடைவெளி குறையக் குறைய அளவைக் கூட்டலாம். தொட்டியின் பி.எச். ஏற்கெனவே குழாய்த் தண்ணீரோடு ஒத்திருந்து, அம்மோனியா மட்டும் கூடியிருந்தால் கதை வேறு. அங்கே தாமதம்தான் கொல்லும். குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதியை அன்றே மாற்றுங்கள். தொட்டிக்குத் தொட்டி மருத்துவம் வேறு. அதற்காகத்தான் அந்த நோட்டு.

டிரம் ஒன்று தயாராக இருக்கட்டும்

மாநகராட்சித் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் டிரம்மில் விட்டால் போய்விடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட் கரைசல், அதாவது கடைக்காரர்கள் ஹைப்போ என்று கேட்டு வாங்குவது, உடனே வேலை செய்யும். போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கலாம். அதையும் ஓர் இரவு காற்றோட்டத்தில் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஃபில்டர், காற்று, கரண்ட்

ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாயடியில் கழுவினால் குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தெடுங்கள். ஒரே நாளில் எல்லாத் தொட்டியின் ஸ்பாஞ்சையும் தொடாதீர்கள்.

விற்பனைத் தொட்டியில் கற்கள் வேண்டாம் என்பது என் கட்சி. அழகுதான், ஆனால் தீனி அடியில் போய் அழுகும். அடி கறுத்து, முட்டை அழுகிய நாற்றம் அடித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று அர்த்தம். அதைக் கிளறாமல் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு மொத்தமாக அள்ளுங்கள். நாற்றம் இல்லாத தொட்டியில் வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்காக எடுக்கலாம்.

தொட்டிக்கு ஒரு சின்ன பம்பு என்று பத்து பம்பு ஓடுவதைவிட, ஒரே ஏர் புளோயரிலிருந்து பிவிசி பைப்பில் எல்லாத் தொட்டிக்கும் காற்று பிரித்துக் கொடுப்பது நல்லது. அதை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். கோடையில் தண்ணீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. மே மாத மதியம் கரண்ட் போனால் நெருக்கமாக மீன் விட்ட தொட்டி தாங்காது. மின்கசிவில் தானாக அணையும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும், ஈரக் கையோடு வேலை செய்யும் இடம் இது.

தொட்டிகளைக் குறையுங்கள்

இருபது தொட்டி இருந்தால் முதல் மாதம் பன்னிரண்டை மட்டும் ஓட்டுங்கள். மீதியைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள். சோப்பு கிட்டவே வரக் கூடாது. கசியும் மூலைகளுக்குப் பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிகான் மட்டும் பூசி, இரண்டு நாள் காயவிடுங்கள். ஸ்டாண்டையும் ஆட்டிப் பாருங்கள். நிரம்பிய 2 அடித் தொட்டி கண்ணாடியோடு சேர்த்து 60 கிலோவுக்கு மேல் இருக்கும்.

பல கடைகளில் தண்ணீர் எப்போதும் மஞ்சளாகவோ நீலமாகவோ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நோய் வருமுன் காப்பதாக நினைத்துத் தினமும் மருந்து கொட்டுகிறார்கள். மெத்திலீன் புளூ ஃபில்டரின் நுண்ணுயிர்களையும் பாதிக்கும். ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடுவது அதைவிட மோசம். மருந்து தனித் தொட்டியில், நோய் தெரிந்த பிறகு மட்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனிக் கைவலை வாங்குங்கள், அது மலிவான காப்பீடு.

புதுத் தொட்டி பழகும் காலம்

கழுவிய தொட்டியில் நுண்ணுயிர்கள் மறுபடி வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆரோக்கியமான தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்சை இதில் போட்டால் காலம் வெகுவாகக் குறையும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீனைக் கொத்தாக இறக்காதீர்கள்.

புதுச் சரக்கு வரும் நாள்

தமிழ்நாட்டில் வண்ண மீன் என்றாலே வியாபாரிகள் சென்னை கொளத்தூரைத்தான் சொல்வார்கள். அங்கிருந்து ஆக்சிஜன் அடைத்த பையில் வெகுதூரம் வரும் மீன், முன்பு சொன்ன அதே ரசாயனத்தில் மாட்டிக்கொண்டுதான் வருகிறது. மூடிய பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். குறைந்திருக்கும், அம்மோனியா சாதுவாகக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியா விழித்துக்கொள்ளும். ஆகவே கட்டிய பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். திறந்த பிறகு இழுத்தடிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

வந்த மீன் குறைந்தது இரண்டு வாரம் தனித் தொட்டியில் இருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் இரவுக் குளிர் இறங்கும்போது வெள்ளைப்புள்ளி நோய் தலைகாட்டும். உடம்பில் உப்புத் தூவியதுபோல் தெரியும் ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருப்பதால் மருந்து அதைத் தொடாது. அது உதிர்ந்து, பெருகி, நீந்தும் குஞ்சுகளாக வெளிவரும்போதுதான் சாகும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. ஹீட்டர் வைத்து 28 முதல் 30 டிகிரியில் நிறுத்தினால் அதன் வாழ்க்கைச் சுற்று வேகமாகும். காற்றைக் கூட்டிவைத்து, புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் சிகிச்சையைத் தொடருங்கள்.

எதை விற்பது, எதை ஒதுக்குவது

உங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மீனை விற்பதுதான் லாபம். கடினத் தண்ணீர் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் எல்லாம் தாமாகவே செழிக்கும். டிஸ்கஸை அந்தத் தண்ணீரில் விட்டு மல்லுக்கட்டுவது தொடக்கக்காரருக்கு வேண்டாத வேலை.

சாயம் ஊசியேற்றிய கண்ணாடி மீன்களை வாங்காதீர்கள். சாயம் சில மாதங்களில் வெளுக்கும், பல மீன்கள் அதற்கு முன்பே செத்துவிடும். நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு ஆமைகளை விற்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், 'ராசி' என்று கேட்டு வந்தாலும் மறுத்துவிடுங்கள். பாசி தின்னும் என்று கைவிரல் அளவில் விற்கும் சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். சலித்துப்போனவர்கள் அதை ஏரியில் விட்டதன் விளைவை வலையில் மீனுக்குப் பதில் சக்கர் ஏறும் மீனவர்களிடம் கேட்கலாம். வளர்க்க முடியாதவர் கடைக்கே திருப்பித் தரலாம் என்று பலகையில் எழுதிவையுங்கள்.

கல்லாப் பக்கம்

தொட்டியும் மீனும் ஒரே நாளில் கேட்பவருக்குத் தொட்டி, ஃபில்டர், ஓடிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள். மீனுக்கு இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லுங்கள். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். அங்கே வாங்கிய மீன் செத்தபின் அவர்களில் சிலர் உங்களிடம் திரும்புவார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் கேட்கும் பெற்றோருக்கு அது ஒரு சாண் வளரும் மீன் என்று காட்ட, பெரியதாக ஒன்றைக் கடையிலேயே வளர்ப்பதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

தினமும் கடை திறக்கும்போது இறப்பை நோட்டில் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் அந்தப் பத்தி பெரும்பாலும் வெறுமையாக இருந்தால் மூடிவைத்த எட்டுத் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கலாம். கடல் மீன் கேட்டு வருபவரை அதுவரை வேறு கடைக்கு அனுப்பிவிடுங்கள்.