கூட்டத்துக்குள் நின்று 'மாட்டேன்' என்றவர்

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு



சங்கம் என்றால் ஒற்றுமை. இதைச் சொல்லித்தான் நம்மைச் சேர்க்கிறார்கள். நாமும் அதை நம்பித்தான் சேர்கிறோம். ஆனால் சங்கம் எடுத்த ஒரு முடிவு தவறு என்று நம்ம மனசுக்குப் பட்டால் என்ன செய்வது? பேசாமல் கை தூக்கிவிடுவதா? கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவதா? இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அந்த வழியில் நடந்த ஒருவரின் வாழ்க்கையை இந்த மலரில் படிப்போம். அவர் பெயர் ஹெலினா ஸ்வான்விக். பிரிட்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர், பத்திரிகையாளர், போரை எதிர்த்தவர்.

பிறப்பும் படிப்பும்

1864-ல் மியூனிக் நகரில் பிறந்தார். தந்தை ஓவியர். அண்ணன் வால்டர் சிக்கர்ட் பின்னாளில் பெயர் பெற்ற ஓவியர் ஆனார். 1868-ல் குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. ஐந்து சகோதரர்களுக்கு நடுவே இவர் ஒரே பெண். பையன்கள் இருட்டிய பிறகும் வெளியே போகலாம், இவர் போகக்கூடாது. காரணம் கேட்டபோது, தனியாகப் போகும் பெண்ணை ஆண்கள் அவமதிப்பார்கள் என்றார்களாம். அப்படியானால் அந்த ஆண்களை விட்டுவிட்டுப் பெண்ணை ஏன் பூட்டி வைக்கிறீர்கள் என்று கொதித்துப்போனதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம்ம ஊர் விடுதி வாசலிலும் கேட்க வேண்டிய கேள்விதானே இது!

1882-ல் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு ஞானத்தாய் ஒருவர் உதவினார். அங்கே பெண்கள் தேர்வு எழுதலாம். ஆனால் பட்டம் தரமாட்டார்கள். பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் கொடுத்தது 1948-ல்தான். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு, சான்றிதழ் கிடைக்காது என்று தெரிந்தே படிக்கப் போனவர்களை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

மான்செஸ்டர் தந்த பாடம்

1888-ல் கணித ஆசிரியரான ஃபிரெடரிக் ஸ்வான்விக்கை மணந்தார். மான்செஸ்டரில் குடித்தனம். அது பஞ்சாலைகளின் ஊர். அங்கே உழைக்கும் பெண்களின் மன்றங்களிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பழகினார். 'மான்செஸ்டர் கார்டியன்' பத்திரிகைக்கு எழுதினார். (இன்று 'தி கார்டியன்' என்று வருவது அதே பத்திரிகைதான்.)

1905-ல் மான்செஸ்டரில் நடந்த ஒரு அரசியல் கூட்டத்தில், பெண்களுக்கு ஓட்டு உண்டா என்று கேட்ட கிறிஸ்டபெல் பேங்க்ஹர்ஸ்டும் ஆனி கென்னியும் வெளியே தள்ளப்பட்டுக் கைதானார்கள். அந்தச் செய்திதான் ஸ்வான்விக்கை இயக்கத்துக்குள் கொண்டுவந்தது.

அப்போது ஓட்டுரிமை இயக்கத்தில் இரண்டு பெரிய அணிகள் இருந்தன. ஒன்று 'சஃப்ரஜெட்டுகள்'. பேங்க்ஹர்ஸ்ட் குடும்பத்தின் தலைமையில் கண்ணாடி உடைப்பு, தீ வைப்பு என்று போராடியவர்கள். இன்னொன்று 'சஃப்ரஜிஸ்டுகள்'. மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் கூட்டம், மனு, பத்திரிகை என்று சட்ட வழியில் நின்றவர்கள். 1914-க்குள் இவர்களிடம் 50 ஆயிரத்துக்கும் மேல் உறுப்பினர்கள். சரித்திரப் புத்தகத்தில் கல் எறிந்தவர்களின் படம் வந்துவிடுகிறது; ஊர் ஊராகப் பேசிப் பேசித் தொண்டை கட்டியவர்களின் படம் வருவதில்லை! ஸ்வான்விக் இந்த இரண்டாவது அணி.

முதல் 'மாட்டேன்'

1909-ல் அந்த அணி 'தி காமன் காஸ்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியது. முதல் ஆசிரியர் ஸ்வான்விக். வன்முறை வழி தவறு என்று தலையங்கத்தில் வெளிப்படையாக எழுதினார். எல்லோரும் கேட்பது ஒரே ஓட்டுரிமை, அதனால் சஃப்ரஜெட்டுகளைத் தாக்கி எழுத வேண்டாம் என்று நிர்வாகத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். வாயைக் கட்டிக்கொண்டு தலையங்கம் எழுத அவருக்கு இஷ்டமில்லை. 1912-ல் ஆசிரியர் பதவியை ராஜினாமா செய்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பதவியைத்தான் விட்டார், சங்கத்தை விடவில்லை. செயற்குழுவில் தொடர்ந்து இருந்து வேலை பார்த்தார்.

இரண்டாவது 'மாட்டேன்'

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்தது. நேற்றுவரை அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்ற எமிலின் பேங்க்ஹர்ஸ்ட் போரை ஆதரித்தார். ஃபாசெட் அம்மையாரும் போர்க்காலத்தில் நாட்டுக்குத் துணை நிற்பதே கடமை என்றார். ஸ்வான்விக்குக்கு அது ஒப்பவில்லை. அவர் வாதம் இதுதான்: பலமுள்ளவன் சொல்வதே நியாயம் என்ற கொள்கையில்தான் போர் நடக்கிறது. அதே கொள்கைதான் பெண்ணுக்கு ஓட்டு இல்லை என்கிறது. ஒன்றை எதிர்த்துவிட்டு மற்றொன்றை எப்படி ஆதரிப்பது?

1915 ஏப்ரலில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பெண்களின் சர்வதேச அமைதி மாநாடு. பிரிட்டனிலிருந்து சுமார் 180 பேர் புறப்படத் தயாரானார்கள். அரசாங்கம் பெரும்பாலோருக்கு அனுமதி மறுத்தது. பிறகு வடகடலில் கப்பல் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் கலந்துகொண்ட பிரிட்டன் பெண்கள் மூன்றே பேர்! ஸ்வான்விக்காலும் போக முடியவில்லை. அந்த மாநாட்டைத் தம் சங்கம் ஆதரிக்க மறுத்ததால், அவரும் இன்னும் சிலரும் செயற்குழுவிலிருந்து விலகினார்கள்.

விலகியவர் சும்மா இருக்கவில்லை. ஹேக் மாநாட்டிலிருந்து பிறந்த பெண்கள் அமைதிக் கழகத்தின் பிரிட்டன் கிளைக்கு 1922 வரை தலைமை தாங்கினார். ஜனநாயகக் கட்டுப்பாட்டுச் சங்கம் என்ற அமைப்பிலும் உழைத்தார். மக்கள் சம்மதமில்லாமல் எந்த நிலமும் கைமாறக்கூடாது, நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் ஒப்பந்தம் கூடாது, ஆயுதங்களைக் குறைக்க வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள். 1915 நவம்பரில் லண்டனில் அதன் கூட்டத்தைச் சிப்பாய்கள் புகுந்து கலைத்தார்கள். போரை எதிர்த்தால் தேசத் துரோகி என்ற காலம். இவரோ மியூனிக்கில் பிறந்தவர் வேறு. கேட்க வேண்டுமா?

தொழிற்சாலைப் பக்கமும் அவர் பார்வை போனது. ஆண்கள் போர்முனைக்குப் போனதால் பெண்கள் வெடிமருந்து ஆலைகளிலும் லேத்திலும் வேலை செய்தார்கள். போர் பெண்களை எப்படிப் பாதிக்கிறது என்று 1916-ல் தனிப் பிரசுரமே எழுதினார். ஒரே வேலைக்கு ஒரே கூலி தராவிட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சண்டைதான் மிஞ்சும் என்பது அவர் கருத்து. நாளை தொழிற்சாலைக்குப் போகப்போகும் நமக்கு இதைவிடப் பாடம் என்ன வேண்டும்?

வெற்றியும் தோல்வியும்

1918-ல் பிரிட்டனில் 30 வயதான பெண்களுக்கு, சொத்துத் தகுதியோடு, ஓட்டுரிமை வந்தது. 1928-ல் ஆண்களைப் போலவே 21 வயதில் எல்லாப் பெண்களுக்கும் வந்தது. ஒரு போராட்டம் ஜெயித்தது.

மற்றது ஜெயிக்கவில்லை. 1919 மே மாதம் சூரிச்சில் நடந்த பெண்கள் அமைதி மாநாட்டில் ஸ்வான்விக் கலந்துகொண்டார். நேற்றைய எதிரி நாட்டுப் பெண்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, வெர்சேல்ஸ் ஒப்பந்த நிபந்தனைகள் அடுத்த போருக்கு விதை என்று தீர்மானம் போட்டார்கள். யார் கேட்டது? 1924-லும் 1929-லும் சர்வதேச சங்கத்தின் பேரவைக்கு பிரிட்டன் தூதுக்குழுவில் போனார். அங்கே பெண் என்றாலே குழந்தை நலம், அகதிகள் என்ற குழுவில்தான் போடுவார்கள், ராணுவக் குறைப்பு பேச விடமாட்டார்கள் என்று அலுத்துக்கொண்டிருக்கிறார்.

1930-களில், அமைதியைக் காக்க என்றாலும் ஆயுதம் எடுக்கக்கூடாது என்று வாதிட்டார். ஹிட்லரின் ஆபத்தை அவர் குறைத்து எடை போட்டார் என்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. உடல்நலம் குன்றியிருந்த அவர், அந்த நவம்பரில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்த முடிவை யாரும் பின்பற்ற வேண்டாம். அதற்கு முன் வாழ்ந்த 75 வருஷத்தைப் பார்ப்போம்.

நாம் படிக்க வேண்டியவை

1. சொந்தச் சங்கம் என்பதற்காகத் தவறைச் சரி என்று சொல்ல வேண்டியதில்லை.

2. எதிர்ப்பை முதுகுக்குப் பின்னால் பேசாமல், பேர் போட்டு, கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். அதற்காகப் பதவி போனால் போகட்டும்.

3. விலகிய பிறகும் வேலை செய்ய வேண்டும். 'மாட்டேன்' என்று சொல்வது சுலபம். மறுநாள் காலையில் வேறொரு வேலையைத் தொடங்குவதுதான் கஷ்டம்.

தோழர்களே! அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் வாசித்து முடித்ததும் "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்பார்கள். எதிர்த்து ஒரே ஒரு கை எழுந்தால் சத்தம் போட்டு அதை இறக்கிவிடாதீர்கள். அந்தக் கைக்கு உரியவர் சொல்வதையும் கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள். ஒற்றுமை அதனால் உடையாது, உறுதிதான் ஆகும்!